பணத்தின் காலமதிப்பு: இப்போதே 7 லட்சமா, பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1 லட்சமா?

பதிவு 1 – நீலவானம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வரவேண்டிய ஒரு தொகையை இரண்டு வழிகளில் ஏதேனும் ஒன்றில் பெற்றுக்கொள்ளலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. முதல் வழியில் 7,00,000 மொத்தமாக உடனே கைக்கு வந்துவிடும். இரண்டாவது வழியில் ஆண்டுக்கு 1,00,000 வீதம் பத்து ஆண்டுகளுக்கு வரும். எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களையே தருகிறேன்.

கூட்டிப் பார்த்தால் இரண்டாவது வழியில் 10,00,000 வருகிறது. மூன்று லட்சத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால், பணத்துக்குக் காலமதிப்பு உண்டு, அப்படிக் கூட்டுவதே தவறு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அவர் விலைவாசி உயர்வைத்தான் சொல்கிறாரா? அப்படியானால், விலைவாசி அதிகம் ஏறாத காலத்தில் இந்தக் கவலையே வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது.

பதிவு 2 – ஏட்டுக்கணக்கு

நண்பர் நீலவானம் அவர்களுக்கு, உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் காரணம் விலைவாசி மட்டுமல்ல.

இன்று கையில் இருக்கும் ஒரு லட்சமும் பத்து ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு லட்சமும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் பொருளில் வேறு வேறு. இன்றைய லட்சத்தை ஒரு பாதுகாப்பான வைப்பில் போட்டால் அது வளரும். வராத லட்சம் வளராது. ஆகவே, வெவ்வேறு தேதிகளில் வரும் தொகைகளை அப்படியே கூட்டுவது, கிலோவையும் மீட்டரையும் கூட்டுவது போன்றது. எல்லாத் தொகைகளையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்த பிறகுதான் கூட்டவோ ஒப்பிடவோ முடியும். காலமதிப்புக் கணக்கு முழுவதும் இந்த ஒரே விதியின் மீதுதான் நிற்கிறது.

உங்கள் கணக்கைப் போடுவோம். ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து வரும் 1,00,000ஐ 1.08ஆல் வகுத்தால் 92,593. இன்று 92,593 இருந்தால் அது ஓராண்டில் ஒரு லட்சமாகிவிடும் என்பதே இதன் பொருள். இரண்டாம் ஆண்டின் லட்சத்தை 1.08ஆல் இருமுறை வகுக்க வேண்டும், 85,734 வரும். இப்படியே போனால் பத்தாம் ஆண்டின் லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 46,319 மட்டுமே. பத்தையும் கூட்டினால் 6,71,008. இந்தக் கணக்கின்படி மொத்தமாக வரும் 7,00,000 ஏறக்குறைய 29,000 கூடுதல் மதிப்புடையது.

விலைவாசி பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. பணவீக்கம் முற்றிலும் பூஜ்யமாக இருக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கும் இன்று பணம் கையில் இருப்பவர் அதைத் தொழிலில் போடலாம், கடனை அடைக்கலாம், எதிர்பாராத செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டு காத்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் முடியாது. காலமதிப்பு பிறப்பது இந்த வாய்ப்பிலிருந்துதான். பணவீக்கம் அதற்கு மேல் வந்து சேரும் இன்னொரு சுமை.

பதிவு 3 – மெய்ப்பொருள்

விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்த 8 சதவீதம் எங்கிருந்து வந்தது? அதே கணக்கை 6 சதவீதத்தில் போட்டுப் பார்த்தேன். பத்துத் தவணைகளின் இன்றைய மதிப்பு 7,36,009 வருகிறது. அதாவது, 6 சதவீதம் என்றால் தவணை லாபம், 8 சதவீதம் என்றால் மொத்தத் தொகை லாபம். இரண்டும் சமமாகும் புள்ளி 7 சதவீதத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது.

எனவே, வாய்பாடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், முடிவைத் தீர்மானிப்பது நாம் கையால் எழுதிப் போடும் அந்த ஒரு வீதம்தான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லாமல் ரூபாய் அணா சுத்தமாக விடையை மட்டும் கொடுத்தால், கேட்டவர் அதை அறிவியல் முடிவு என்று நம்பிவிடுவார். இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

பதிவு 4 – ஏட்டுக்கணக்கு

மெய்ப்பொருள் அவர்களின் கண்டனத்தை ஏற்றுக்கொள்கிறேன். 8 என்பதை எடுத்துக்காட்டுக்காகப் போட்டேன். அதை நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

வீதத்தைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கும் கேள்வி இது: இந்தப் பணம் இன்று கையில் இருந்தால், வரப்போகும் தவணைகள் எவ்வளவு நிச்சயமானவையோ அதே அளவு நிச்சயத்தோடு, இந்த மனிதருக்கு அது வேறெங்கே எவ்வளவு ஈட்டித் தரும்? “அதே அளவு நிச்சயத்தோடு”, “இந்த மனிதருக்கு” என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். தவணை கொடுக்கப்போகிறவர் அசைக்க முடியாத நிலையில் இருந்தால், அதைப் பங்குச் சந்தையின் எதிர்பார்ப்போடு ஒப்பிடுவது நியாயமல்ல; பாதுகாப்பான வைப்பின் வட்டியோடுதான் ஒப்பிட வேண்டும். அவரே தள்ளாடும் நிலையில் இருந்தால் வீதம் உயர வேண்டும்.

அடுத்து, ஒருவருக்கு 12 சதவீத வட்டியில் கடன் இருக்கிறது என்றால், அவர் கைக்கு வரும் பணம் அந்தக் கடனை அடைக்கும்போது சந்தேகத்துக்கு இடமின்றி 12 சதவீதம் மிச்சமாகிறது. ஆகவே அவருடைய வீதம் 12. கடனே இல்லாமல், வைப்பில் மட்டும் பணம் போடுகிறவருக்கு அது 6 ஆக இருக்கலாம். ஒரே கடிதத்துக்கு இருவரும் எதிரெதிராகப் பதில் எழுதுவார்கள். இருவர் கணக்கும் சரியாகவே இருக்கும்.

வட்டியின் வேர் எது என்பதைப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1930இல் விரிவாக எழுதினார். ஒரு பக்கம் மனிதரின் பொறுமையின்மை, மறுபக்கம் முதலீட்டு வாய்ப்பு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் வட்டி வீதம் உருவாகிறது என்பது அவர் வாதம். பணவீக்கத்தைப் பிரித்துக் காட்டும் சமன்பாடும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. வட்டி 8, பணவீக்கம் 5 என்றால், 1.08ஐ 1.05ஆல் வகுக்க வேண்டும்; மெய்யான வளர்ச்சி 2.86 சதவீதம். இங்கே பலர் தவறு செய்கிறார்கள். தவணைத் தொகை காகிதத்தில் 1,00,000 என்று நிலையாக எழுதப்பட்டிருந்தால், பணவீக்கத்தையும் உள்ளடக்கிய முழு வீதத்தால்தான் வகுக்க வேண்டும். 2.86ஆல் வகுத்தால் தவணைகள் பொய்யாகப் பெருத்துத் தெரியும். விலைவாசிக்கேற்பத் தவணையும் ஏறும் என்று ஒப்பந்தம் சொன்னால் மட்டுமே மெய்வீதம் பொருந்தும்.

பதிவு 5 – கரையோரம்

இடையில் ஒரு சிறு வரலாறு. இந்தக் கேள்வி 800 ஆண்டுகளுக்கும் பழையது. பீசா நகரத்து ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய கணித நூலில் ஒரு படைவீரனின் கணக்கு வருகிறது. அரசர் அவனுக்கு ஆண்டுக்கு 300 பெசன்ட் (அக்காலத் தங்க நாணயம்) மானியம் தருகிறார். காலாண்டுக்கு 75 வீதம் நான்கு முறை. பிறகு, முழு 300ஐயும் ஆண்டு இறுதியில் ஒரே முறையாகப் பெற்றுக்கொள்ளச் சொல்லிவிடுகிறார். பணத்தை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு விட முடியும் என்றால், வீரனுக்கு எவ்வளவு இழப்பு என்பதே கேள்வி.

காலாண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்து நான் போட்டுப் பார்த்தேன். நான்கு தவணைகளின் இன்றைய மதிப்பு 259.88. ஆண்டு இறுதியில் வரும் 300இன் இன்றைய மதிப்பு 237.63. அரசர் ஒரு காசைக்கூடக் குறைக்கவில்லை. தேதியை மட்டும் மாற்றினார். வீரனுக்கு 22 பெசன்டுக்கு மேல் போய்விட்டது. தேதியை மாற்றுவதும் தொகையை மாற்றுவதும் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது.

கணிதவியலாளர் சைமன் ஸ்டெவின் 1582இல் வட்டி அட்டவணைகளை அச்சிட்டு வெளியிட்டார். அதுவரை பெரும்பாலும் வணிகர் வீட்டுக் கையெழுத்துப் பிரதிகளில் அடைந்துகிடந்த எண்கள் அதன்பின் பொதுமக்களுக்கும் எட்டின.

பதிவு 6 – இளங்கணக்கர்

படைவீரனின் கணக்கைப் படித்ததும் எனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் 1,20,000 கடன் வாங்கினேன். “வெறும் 10 சதவீதம், ஃபிளாட் வட்டி” என்றார்கள். ஓராண்டுக்கு வட்டி 12,000; அசலோடு சேர்த்து 1,32,000; பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,000. கணக்கு நேர்மையாகத் தோன்றியதால் கையெழுத்துப் போட்டேன்.

உண்மையை அட்டவணை எழுதிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். மாதந்தோறும் அசலில் 10,000, வட்டி 1,000 என்று அவர்கள் பிரித்திருந்தார்கள். முதல் மாதம் என் கையில் 1,20,000 இருந்தது. அதற்கு 1,000 வட்டி. கடைசி மாதம் என்னிடம் மீதமிருந்த அசல் 10,000 மட்டுமே. அதற்கும் அதே 1,000. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பார்த்தால் மாத வட்டியே 10 சதவீதம்! நான் திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் ஆண்டு முழுவதும் வட்டி கட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டு தவணைகளின் இன்றைய மதிப்பு 1,20,000க்குச் சமமாகும் வீதத்தைத் தேடினால், மாதம் ஏறக்குறைய 1.5 சதவீதம் வருகிறது. ஆண்டுக்கு 18, வட்டிக்கு வட்டியும் சேர்த்தால் 19.5க்குக் கிட்டத்தட்ட. பத்து என்று சொல்லி ஏறத்தாழ இரு மடங்கு வாங்கிவிட்டார்கள். கடன் வாங்கும் எவரும், “குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி எவ்வளவு?” என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக் கடனும் இதே கொள்ளைதான் என்று நினைக்கிறேன். 10,00,000 கடன், 9 சதவீதம், இருபது ஆண்டுகள் என்றால் மாதத் தவணை 8,997. மொத்தம் 21,59,000க்கும் மேல் கட்டுகிறோம். முதல் மாதத் தவணையில் 7,500 வட்டிக்கே போகிறது. அசலில் 1,497 மட்டுமே கழிகிறது. பதினான்கு ஆண்டு கட்டிய பிறகுதான் பாதி அசல் தீர்கிறது.

பதிவு 7 – ஏட்டுக்கணக்கு

இளங்கணக்கர் அவர்களுக்கு, ஃபிளாட் வட்டியில் நீங்கள் ஏமாற்றப்பட்டது உண்மை; உங்கள் அட்டவணையும் சரி. ஆனால் இரண்டாவது பத்தியில் சொன்ன அந்த நியாயத்தை வீட்டுக் கடனுக்கு நீட்டியபோது, முதல் பதிவில் நீலவானம் செய்த அதே கூட்டலை நீங்களும் செய்துவிட்டீர்கள். 240 வெவ்வேறு தேதிகளின் தொகைகளைக் கூட்டித்தான் 21,59,000 வருகிறது. அந்த 240 தவணைகளையும் மாதம் 0.75 சதவீதத்தில் இன்றைய தேதிக்குக் கொண்டுவந்தால் சரியாக 10,00,000தான் வரும். சொன்ன வட்டியும் வாங்கிய வட்டியும் ஒன்றே. முதல் மாதத்தில் 7,500 போவதற்குக் காரணம், அந்த மாதம் முழுப் பத்து லட்சமும் உங்கள் கையில் இருந்ததுதான்.

9 சதவீதம் அதிகமா என்று கேட்கலாம்; அது வேறு விவாதம். மொத்தக் கூட்டல் பெரிதாகத் தெரிகிறது என்பது மட்டும் அநியாயத்துக்குச் சான்றாகாது. உங்களுக்கு நடந்ததில் அநியாயம் எங்கே இருக்கிறது என்றால், சொன்ன வீதத்துக்கும் வாங்கிய வீதத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் உண்மையான ஏமாற்றை நம்மால் சுட்டிக்காட்ட முடியும்.

பதிவு 8 – மெய்ப்பொருள்

வட்டி எப்போதும் பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்குமா என்று யாரேனும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய மத்திய வங்கி 2014 ஜூன் முதல் 2022 ஜூலை வரை தன்னிடம் வங்கிகள் வைக்கும் இருப்புக்குப் பூஜ்யத்துக்குக் கீழான வட்டியை வைத்திருந்தது. ஆகவே காலமதிப்பு எப்போதும் ஒரே திசையில்தான் போகும் என்பது இயற்கை விதியல்ல.

கால அளவு நீளும்போது வீதத்தின் ஆட்சி இன்னும் கடுமையாகிறது. நூறு ஆண்டு கழித்து வரும் 1 கோடிக்கு, 5 சதவீதத்தில் இன்றைய மதிப்பு சுமார் 76,000. 1.4 சதவீதத்தில் ஏறக்குறைய 25 லட்சம். நான் 1.4 என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. பருவநிலை மாற்றம் குறித்துப் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கை அதை ஒட்டிய தாழ்ந்த வீதத்தைத்தான் பயன்படுத்தியது. வில்லியம் நோர்டௌஸ் போன்ற வேறு பொருளியலாளர்கள் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த வீதமே பொருத்தம் என்றனர். வருங்காலத் தலைமுறையின் இழப்புக்கு இன்று எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்வி பெருமளவு இந்த ஒரு எண்ணில் அடங்கியிருந்தது. அதை வெறும் கணக்கு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. இன்னும் பிறக்காதவரின் துன்பத்துக்கு எவ்வளவு தள்ளுபடி செய்வது என்பதில் அறமும் கலந்திருக்கிறது.

பதிவு 9 – கரையோரம்

முடிவே இல்லாத தவணைக்கும் முடிவுள்ள மதிப்பு உண்டு என்பதையும் இங்கே சேர்க்கிறேன். ஆண்டுதோறும் என்றென்றைக்கும் 1,00,000 வரும் என்றால், 8 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 1,00,000ஐ 0.08ஆல் வகுத்தால் கிடைக்கும் 12,50,000 மட்டுமே. நெதர்லாந்தின் நீர் வாரியம் ஒன்று 1648இல் ஆட்டுத்தோலில் எழுதிக்கொடுத்த ஒரு கடன் பத்திரத்துக்கு முதிர்வுத் தேதியே கிடையாது. அதை யேல் பல்கலைக்கழகம் 2003இல் வாங்கியது. 2015இல் பன்னிரண்டு ஆண்டு நிலுவை வட்டியாக 136.20 யூரோ பெற்றுக்கொண்டது.

பதிவு 10 – நீலவானம்

அனைவருக்கும் நன்றி. கடிதத்தை மீண்டும் ஒரு முறை வரிவரியாகப் படித்தேன். “முதல் தவணை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலும், அடுத்தவை ஒவ்வொரு ஆண்டும் அதே நாளிலும் வழங்கப்படும்” என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. இதனால் கணக்கு மாறுமா? தவணை கொடுப்பவரின் நிலையில் எனக்கு ஐயமில்லை. இன்னொன்றையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்: எனக்கு 9.5 சதவீதத்தில் வீட்டுக் கடன் இருக்கிறது. நிலுவை 7 லட்சத்தைவிட நிறையவே அதிகம். இன்னும் பன்னிரண்டு ஆண்டு கட்ட வேண்டும்.

பதிவு 11 – ஏட்டுக்கணக்கு

மாறும், நண்பரே, நன்றாகவே மாறும். தேதியைக் கேட்காமலே ஆண்டு இறுதியில் தவணை வரும் என்று வைத்து நான் கணக்குப் போட்டுவிட்டேன். தேதிதான் எல்லாம் என்று எழுதிய நானே அதைக் கேட்காமல் விட்டதற்கு மன்னிக்க வேண்டும்.

முதல் லட்சம் இன்றே வந்தால் அதை எதனாலும் வகுக்க வேண்டாம். மற்ற ஒன்பதும் ஓராண்டு முன்னால் நகர்கின்றன. 8 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 6,71,008 என்பது 7,24,689 ஆகிறது. நான் சொன்ன முடிவு தலைகீழாகிவிட்டது. சமப்புள்ளியும் 7லிருந்து 9 சதவீதத்துக்கு மிக அருகில் ஏறிவிடுகிறது. கடன் இல்லாத ஒருவர் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கேட்டிருந்தால், தவணையையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்களுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. 9.5 சதவீதம் என்பது மாதந்தோறும் கணக்கிடப்படும் வட்டி என்றால், ஆண்டு முழுவதற்கும் அது 9.92 சதவீதமாகிறது. (மாதத்துக்குப் பதிலாக நாள்தோறும், நொடிதோறும் என்று நெருக்கிக்கொண்டே போனால் வட்டி எல்லையின்றிப் பெருகிவிடாது என்பதைக் கணிதவியலாளர் யாகோப் பெர்னூலி 1683இல் ஆராய்ந்தார்; கணிதத்தில் 2.718 என்று தொடங்கும் மாறிலி அந்த வட்டிக் கணக்கில்தான் வெளிப்பட்டது.) 9.92 சதவீதத்தில் உங்கள் பத்துத் தவணைகளின் இன்றைய மதிப்பு சுமார் 6,77,600. மொத்தத் தொகையை வாங்கி முழுவதையும் கடனில் கட்டினால், ஏறக்குறைய 22,400 உங்களுக்கு மிச்சம்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 7,00,000 வந்தவுடன் கடனுக்குப் போக வேண்டும். சேமிப்புக் கணக்கில் ஓராண்டு கிடந்தால் மேலே சொன்ன வீதம் உங்களுக்குப் பொருந்தாது, தவணையே மேலானதாகிவிடும். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள்.

பதிவு 12 – மெய்ப்பொருள்

ஒரு திருத்தம். கட்டணம் கட்டும் தொகையில் இத்தனை சதவீதம் என்றிருந்தால், ஆண்டுதோறும் வரும் லட்சத்தைக் கடனில் கட்டும்போதும் அதே சதவீதம் போகும். ஒப்பீட்டின் முடிவு மாறாது. ஒவ்வொரு முறைக்கும் நிலையான தொகை என்றிருந்தால், பத்து முறை கட்டுவதைவிட ஒரு முறை கட்டுவதே மலிவு. எப்படியிருந்தாலும் நீலவானம் அவர்களுக்கு மொத்தத் தொகையே ஏற்றது. கடன் வீதம் மாறும் வகையா, நிலையானதா என்று மட்டும் பாருங்கள். ஆண்டு முழுவதற்குமான வீதம் (இப்போது 9.92) விரைவில் 9க்குக் கீழே இறங்கும் என்றால் இந்த 22,400 கரைந்துவிடும்.

பதிவு 13 – நீலவானம்

கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வட்டி முழுக் காலத்துக்கும் நிலையானது, மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் இல்லை என்று எழுதியிருக்கிறது. மொத்தத் தொகை வரும் அன்றே கடன் கணக்குக்கு நேரடியாக மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். மாதத் தவணையைக் குறைக்காமல், கட்ட வேண்டிய மாதங்களைக் குறைக்கும்படியும் சேர்த்து எழுதிவிட்டேன். பதில் வந்ததும் முதல் வழிக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.